தெரிந்தும் சொல்லாதது

பழைய கார் ஒன்றை விற்பவர், அதைப் பற்றித் தனக்குத் தெரிந்ததில் எவ்வளவை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும்? கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொன்னால் போதுமா, கேளாததையும் சொல்ல வேண்டுமா? இது புதிய கேள்வி அல்ல. ரோமர்கள் தானியத்தையும் வீட்டையும் வைத்து இதைக் கேட்டார்கள். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் பன்றிகளை வைத்துக் கேட்டார்கள். எட்மண்டனில் நாங்கள் பத்து வயதுக் கார்களை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எட்மண்டனைத் தெரியாதவர்களுக்கு: வடக்கு லண்டனில் என்ஃபீல்டின் தென்பகுதி. ஃபோர் ஸ்ட்ரீட் என்ற நீண்ட கடைத்தெரு, அதைக் குறுக்கே வெட்டும் நோர்த் சேர்க்குலர் வீதி, சுற்றிலும் களஞ்சியங்கள். வில்லியம் கூப்பர் 1782இல் எழுதிய கதைப்பாடல் ஒன்றில் ஜோன் கில்பின் இரவல் குதிரையில் ஏறி எட்மண்டனுக்கு விருந்துண்ண வருவார். குதிரை நிற்காமல் அவரை வெயார் வரை கொண்டுபோய்விடும். ஏறிய வாகனத்தின் குணம் தெரியாமல் அவதிப்பட்ட முதல் எட்மண்டன்காரர் அவராக இருக்கலாம்.

இங்கே கார் ஆடம்பரம் அல்ல. விடியற்காலை நான்கு மணிக்குக் களஞ்சியத்தில் வேலை தொடங்குகிறவருக்கு பஸ் உதவாது. 2023 ஆகஸ்ட் 29இல் புகைக் கட்டண வலயம் லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது, ஏறக்குறைய 2006க்கு முந்திய பெற்றோல் கார்களுக்கும் 2015க்கு முந்திய டீசல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கும் நாளொன்றுக்கு 12.50 பவுண் வந்து விழுந்தது. அந்தக் கோடையில் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் பிறந்தநாள் வாழ்த்தை விடக் கார் விளம்பரங்கள் அதிகம். ஒவ்வொன்றின் கீழும் யாராவது ஒருவர் எழுதுவார்: “எங்கட ஆள்தான், பயமில்லாமல் வாங்கலாம்.” இந்த ஒரு வசனத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை என்று சொன்னாலும் பிழையில்லை.

ஆங்கிலச் சட்டம் முதலில் பார்ப்பது காரை அல்ல, விற்பவர் யார் என்பதை. அவர் வியாபாரி என்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வாங்குபவரின் பக்கம் நிற்கிறது. பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாட்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 30 நாள் தாண்டினால், முதலில் திருத்த ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். அந்தத் திருத்தமும் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் அல்லது விலைக்குறைப்புக் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்ட பிழை விற்ற நாளிலேயே இருந்ததாகத்தான் இந்த இரண்டாம் கட்டத்தில் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது வியாபாரியின் பொறுப்பு. மற்றப் பொருட்களை ஆறு மாதத்துக்குள் இப்படித் திருப்பிக் கொடுத்தால் பாவித்ததற்காகப் பணம் கழிக்க முடியாது. வாகனத்துக்கு மட்டும் கழிக்கலாம். “பார்த்தபடியே விற்கப்பட்டது” என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்கிற வியாபாரிகள் இன்னும் இருக்கிறார்கள். நுகர்வோருக்கு எதிராக அந்த வரிக்குப் பெறுமதி இல்லை.

விற்பவர் தனி ஆள் என்றால் இதில் ஏறத்தாழ எதுவும் இல்லை. கார் அவருடையதாக இருக்க வேண்டும், சொன்ன விவரணத்துக்குப் பொருந்த வேண்டும், அவர் பொய் சொல்லியிருக்கக் கூடாது. அவ்வளவுதான். பொய் சொன்னால் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். சும்மா இருந்தால் கேட்க முடியாது.

இந்தச் “சும்மா இருத்தல்” எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1878இல் பிரபுக்கள் சபை வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. ஒருவர் தன் பன்றிகளை நியூபரி சந்தைக்கு அனுப்பினார். அவற்றுக்குத் தொற்றுக் காய்ச்சல். “எல்லாக் குறைகளோடும்” என்ற நிபந்தனையில் விற்பனை. வாங்கியவரின் மற்றப் பன்றிகளுக்கும் நோய் பரவியது. நோயுள்ள விலங்கைச் சந்தைக்குக் கொண்டுவருவது அக்காலச் சட்டப்படி குற்றம். ஆனாலும் வாங்கியவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. விற்றவர் எதையும் சொல்லவில்லை, ஆகவே பொய்யும் சொல்லவில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். சட்டம் படிக்கிற என் நண்பர் ஒருவரின் மகள் இதை எனக்கு விளக்கியபோது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குழுவில் அந்த வாரம் நடந்துகொண்டிருந்த சண்டையின் வசனம் அப்படியே இதுதான்.

சண்டை இதுதான். இருபத்தாறு வயதுப் பையன், இங்கே வந்து இரண்டு வருடம். பகலில் களஞ்சியத்தில் வேலை, வாரத்தில் மூன்று மாலை உணவு விநியோகம். ஒரு குழுவில் பார்த்து 2,300 பவுணுக்கு ஓட்டோமற்றிக் கார் ஒன்றை வாங்கினான். பாதி கையில் காசாக, மிச்சம் வங்கி வழியாக. விற்றவர் ஊரில் அவனுடைய பக்கத்துக் கிராமம். பதினொராம் நாள் இஞ்சின் சூடானதும் கியர் மாறும்போது வண்டி உதறத் தொடங்கியது. மெக்கானிக் பார்த்துவிட்டு கியர்பொக்ஸ் எண்ணெய் புத்தம்புதிதாக இருக்கிறது என்றார். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. பையன் விற்றவருக்கு அழைத்தான். அவர் கோபப்படவில்லை. “தம்பி ஒண்டும் கேக்கேல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை” என்றார். கோபப்பட்டிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் உண்மையாகவே தன்னை நேர்மையானவர் என்று நம்பினார்.

சிசரோ கி.மு. 44இல் தன் மகனுக்காக எழுதிய, கடமைகளைப் பற்றிய நூலில் இவருடைய கட்சியைப் பேசுகிற ஒரு தத்துவ ஆசிரியர் வருகிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகன் வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருகின்றன என்று அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? பாபிலோனிய டயோஜெனிஸ் என்ற ஆசிரியர், சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும், தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் விற்பனை என்பதே நன்கொடை ஆகிவிடும் என்கிறார். அவருடைய மாணவர் அன்ரிபாற்றர் மறுக்கிறார்: மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவப் பிறந்தவர்கள் என்றால், அவர்களுக்குப் பயன்படக்கூடியதை எப்படி மறைக்கலாம்? சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார். அவருடைய பிரிப்பு எனக்கு மிகவும் உதவியது. சும்மா இருப்பதெல்லாம் மறைப்பு அல்ல. மற்றவருக்குத் தெரிந்தால் அவருக்கு நன்மை என்று அறிந்தும், அவருக்குத் தெரியாமலிருப்பதால் உனக்கு இலாபம் என்பதற்காகவே வாயை மூடிக்கொள்வதுதான் மறைப்பு.

குறளிலும் இதற்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. வணிகரைப் பற்றிய குறள், பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பேணச் சொல்லும் குறள், வாய்மை அதிகாரத்தில் இல்லை. நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது இடத்தை நான் கவனித்ததில்லை. வணிகரிடம் அது எதிர்பார்ப்பது பொய் சொல்லாமையை விடக் கொஞ்சம் அதிகம்: மேசையின் மற்றப் பக்கத்திலிருந்தும் ஒருதடவை காரைப் பார்.

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்” என்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கேட்பதற்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பையன் ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ் சூடானபிறகுதான் உண்மை பேசும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எம்.ஓ.டி. பரிசோதனை வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்பது அவனுக்குத் தெரியும், பார்த்தும் இருந்தான். அந்தப் பரிசோதனை பிரேக்கையும் டயரையும் புகையையும் பார்க்கும். கியர்பொக்ஸின் உடல்நலத்தைப் பார்க்காது. தெரிந்தவன் கேட்பான், தெரியாதவன் ஏமாறுவான் என்பது ஒரு விதி என்றால், அது மிகவும் தேவைப்படுகிறவனை மட்டும் கைவிடுகிற விதி.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சிக்கல் வேறுவிதமாக இருந்தது. ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர். ஒவ்வொரு காருக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு இருந்தது. யாருடைய கலியாணத்துக்கு ஓடியது, எந்தச் சந்தியில் மதகில் இடித்தது, பொருளாதாரத் தடைக் காலத்தில் எத்தனை வருடம் மண்ணெண்ணெயில் ஓடி இஞ்சின் கரிபிடித்தது, எல்லாம் ஊருக்குத் தெரியும். விற்பவர் எதையும் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் மறைக்க எதுவும் இல்லை. காணியிலும் அப்படித்தான். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில், காணி விற்க முன்பு உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும் அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. விற்பனை என்பது இரண்டு பேரின் இரகசியமாக இருக்கவில்லை. “எங்கட ஆள்” என்ற சொல்லின் பெறுமதி அந்த ஆளின் குணத்திலிருந்து மட்டும் வரவில்லை. பொய் சொன்னால் நாளைக்கு எந்தக் கடையிலும் தலைகாட்ட முடியாது என்ற நிலைமையிலிருந்தும் வந்தது. எட்மண்டனில் சொல் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, நிலைமை வரவில்லை. இங்கே விற்றவர் அடுத்த வாரம் குழுவை விட்டு வெளியேறி இன்னொரு குழுவில் இருப்பார்.

இதையே பொருளியலில் ஜோர்ஜ் அகர்லொவ் 1970இல் எழுதினார், பழைய கார்களையே உதாரணமாக வைத்து. மூன்று சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை பின்னர் 2001இல் அவருக்கு நோபல் பரிசின் ஒரு பங்கைக் கொண்டுவந்தது. நல்ல காரையும் ஓட்டைக் காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், இரண்டுக்கும் இடைப்பட்ட விலையைத்தான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரின் சொந்தக்காரர் விற்க மாட்டார். சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும். இதில் என்னைத் தொட்டது பொருளியல் அல்ல. சும்மா இருக்கிறவர் தன்னிடம் வாங்கியவரை மட்டும் கெடுக்கவில்லை. அடுத்து நேர்மையாக விற்க வருகிற இன்னொருவருடைய வாக்கின் விலையையும் அவர் இறக்கிவிடுகிறார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய காரில் குறை இருக்கத்தான் செய்யும். விலையே பாதியைச் சொல்லிவிடுகிறது. 1965இல் ஒரு ஜகுவார் வழக்கில் டெனிங் பிரபு, பழைய கார் வீதியில் பாதுகாப்பாக ஓடக்கூடியதாக இருந்தால் போதும், கிளச் வேலை எதிர்பார்த்ததை விடச் செலவு வைத்துவிட்டது என்பதற்காக வியாபாரியைப் பிடிக்க முடியாது என்றார். அங்கே வியாபாரி கிளச்சில் குறை இருக்கிறது என்று முன்பே சொல்லியும் இருந்தார். பத்து வருடம் கழித்து இன்னொரு ஜகுவார், 82,000 மைல் ஓடியது, விற்று மூன்று வாரத்தில் இஞ்சின் இறுகி நின்றது. அதற்கு முந்திய சொந்தக்காரரே சாட்சிக்கு வந்து, நான் கைமாற்றியபோதே இஞ்சின் முடிந்துபோயிருந்தது என்றார். இந்தத் தடவை வாங்கியவர் வென்றார். தேய்மானம் வேறு, முடிந்துபோனது வேறு என்ற இந்தக் கோடு எனக்கு நியாயமாகப் படுகிறது. எல்லாவற்றையும் சொல் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தன் காரை விற்றபோது ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார்: குளிரில் இரண்டாம் தடவைதான் ஸ்ரார்ட் வரும், பின்கதவு உள்ளிருந்து திறக்காது, சின்னவன் சத்தியெடுத்த இடம் மணக்கும். அவர் கேட்ட விலையில் 300 பவுண் குறைத்துத்தான் போனது. அவருக்குக் கவலையில்லை. நானாக இருந்தால் மூன்றாவதை எழுதியிருப்பேனோ தெரியாது.

என் தொழிலில் இந்த விஷயம் தினசரிப் பிரச்சினை. மென்பொருளின் ஒவ்வொரு பதிப்போடும் “அறிந்த குறைகள்” என்று ஒரு பட்டியல் போகும். அதே மென்பொருளின் உரிமப் பத்திரத்தில் “இருக்கிறபடியே” தருகிறோம் என்று ஒரு வரியும் இருக்கும். முதலாவது அன்ரிபாற்றர், இரண்டாவது டயோஜெனிஸ். 2015ஆம் ஆண்டுச் சட்டம் மென்பொருள் போன்ற மின்னிலக்கப் பொருளையும் உள்ளே கொண்டுவந்தது எங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. கூட்டங்களில் எந்தக் குறையைப் பட்டியலில் போடுவது என்று வாதாடும்போது, “வாடிக்கையாளர் இதைக் கண்டுபிடிப்பாரா?” என்று கேட்பவர்களும் உண்டு, “வாடிக்கையாளருக்கு இது தெரிந்தால் முடிவை மாற்றுவாரா?” என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்களோடு வேலை செய்யத்தான் எனக்கு விருப்பம்.

அந்தத் தொழில் பழக்கத்தில் பையனுடைய காரில் பதினைந்து பவுண் கருவி ஒன்றைச் செருகிப் பார்த்தேன். எச்சரிக்கைக் குறியீடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று கணினி எண்ணி வைத்திருக்கும். அந்தத் தொகையும், வாங்கிய பிறகு பையன் ஓடிய தூரமும் ஏறக்குறைய ஒன்று. பற்றரியைக் கழற்றிப் பூட்டினாலும் இந்தக் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கலாம். ஆகவே இது தனியே சான்றாகாது. ஆனால் புது எண்ணெயும் இதுவும் சேர்ந்தால், அங்கே நடந்தது வெறும் மௌனம் அல்ல என்ற சந்தேகம் வலுக்கிறது. குறையை மறைக்க ஒரு காரியம் செய்வதை, வீட்டில் உக்கிய மரத்தை மூடிப் பூசுவதைப் போல, ஆங்கிலச் சட்டமும் பொய்யாகவே எண்ணுகிறது. கையால் சொல்கிற பொய்.

தனி விற்பனையாளரையும் சட்டம் ஒரு விஷயத்தில் விடுவதில்லை. வீதியில் ஓட்டத் தகுதியற்ற நிலையில் உள்ள வாகனத்தை விற்பது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி, யார் விற்றாலும், குற்றம். பிரேக் பிடிக்காத கார் வாங்கியவனை மட்டுமல்ல, மஞ்சள் கோட்டில் கடக்கிற பிள்ளையையும் கொல்லும். ஊர்பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்கு விற்பவர் கடமைப்பட்டவர். ஆனால் தன் கையைக் குலுக்கி, தேத்தண்ணி குடித்து, பணத்தை எண்ணிக் கொடுத்தவனுக்கு அவ்வளவு கடமைப்பட்டவரல்ல. சட்டத்தின் நோக்கில் இது விளங்குகிறது. மனிதரின் நோக்கில் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பையன் கோட்டுக்குப் போவதா என்று கேட்டபோது பெரியவர்கள் தலையிட்டார்கள். நல்ல மனதோடுதான். “பொறு தம்பி, நான் கதைக்கிறன்” என்றார் ஒருவர். கோயில் தேர் முடியட்டும் என்றார் இன்னொருவர். எங்கட ஆக்களை வெள்ளைக்காரன்ர கோட்டில நிப்பாட்டுறது வடிவில்லை என்றார் மூன்றாமவர். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே முப்பதாம் நாள் வந்து போனது. அந்த முப்பது நாளின் பெறுமதி அவர்களில் எவருக்கும் தெரியாது. சமாதானம் நல்லது, ஆனால் ஒருவருக்கு மட்டும் நாட்கள் குறைந்துகொண்டிருக்கும்போது இருவரையும் பொறுக்கச் சொல்வது நடுவுநிலைமை அல்ல. கோட்டுக்குப் போவது துரோகம் என்றால், அதற்கு முன்பே நடந்ததற்கும் ஒரு பெயர் வேண்டும். “தம்பி” என்று அழைத்தவர் அந்த அழைப்பை விலைக்குள் சேர்த்தே வாங்கியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவரிடம் என்றால் பையன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போயிருப்பான், குறைத்தும் கேட்டிருப்பான். அந்தச் சொல்லுக்குக் காசு வாங்கினால் உத்தரவாதமும் கொடுக்கத்தான் வேண்டும்.

அதே தொலைபேசி இலக்கத்தில் மூன்று குழுக்களில் ஐந்து கார் விளம்பரங்கள் கிடைத்தன. எல்லாப் படங்களிலும் ஒரே வாசல், ஒரே பச்சைக் குப்பைத் தொட்டி. லொக்புக்கில் விற்றவரின் பெயரே இல்லை. ஆக அவர் தனி ஆள் அல்ல, தனி ஆள் வேடத்தில் வியாபாரி. அந்த வேடமே சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இனி எங்கள் பக்கம் பலம் என்று நினைத்தபோதுதான் மறுபக்கத்திலிருந்து ஒரு புத்திசாலித்தனம் வந்தது: விநியோக வேலைக்குத்தானே வாங்கினான், அப்படியென்றால் அவன் நுகர்வோரே அல்ல.

இது வெறும் சாட்டு அல்ல. “முழுமையாகவோ பெரும்பாலுமோ” தன் தொழிலுக்கு அப்பாற்பட்ட தேவைக்கு வாங்குபவரே அந்தச் சட்டத்தில் நுகர்வோர். முழுநேர விநியோகக்காரருக்கு 1979ஆம் ஆண்டின் விற்பனைச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது அவ்வளவு இறுக்கமானதல்ல. நியாயமான நிபந்தனை என்றால் பொறுப்பைக் கழற்றிவிட இடமுண்டு. கடனட்டையில் 100 பவுணுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்குப் பணம் கட்டியிருந்தால் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அட்டை நிறுவனமும் பொறுப்பு. பையனிடம் கடனட்டை இல்லை; வந்து இரண்டு வருடமானவனுக்கு யார் கொடுப்பார்கள்? காரை ஓய்வுக்கு வாங்குகிறவருக்கு வலுவான காப்பு, பிழைப்புக்கு வாங்குகிறவருக்கு மெல்லிய காப்பு, கையில் காசு கொடுத்தவருக்கு அதிலும் குறைவு. யாரும் இப்படித் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். திட்டமிட்டிருந்தாலும் இதைவிடத் துல்லியமாக வந்திராது.

பையனுடைய கிழமையைக் கூட்டிப் பார்த்தோம். வேலைக்குப் போய்வர, கடைக்கு, கோயிலுக்கு, நண்பனின் பிள்ளையைப் பாடசாலையில் விட: விநியோகத்தை விடச் சற்று அதிகம். ஆனால் விளம்பரத்தில் விற்றவரே “டெலிவரிக்குத் திறமான கார்” என்று எழுதியிருந்தார். அந்த வரி எங்களுக்கும் உதவும், அவருக்கும் உதவும். ஃபோர் ஸ்ட்ரீட்டில் இருக்கிற எட்மண்டன் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இதை எப்படி வாசித்திருப்பார் என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது. 10,000 பவுண் வரையான வழக்குகள் சிறு கோரிக்கைகள் பிரிவில் விசாரிக்கப்படும், வழக்கறிஞர் தேவையில்லை.

அவ்வளவு தூரம் போகவில்லை. படங்களையும் திகதிகளையும் வைத்து எழுதிய கடிதம் போய்ப் பதினான்கு நாளுக்குள் விற்றவர் காரை எடுத்துக்கொண்டு 2,050 பவுணைத் திருப்பிக் கொடுத்தார். பாவித்ததற்கு 250 கழித்தார். பையன் ஒப்புக்கொண்டான். பெரியவர்கள் தாங்கள் பேசியதால்தான் முடிந்தது என்றார்கள், அதுவும் ஓரளவு உண்மையாக இருக்கலாம்.

மூன்று கிழமை கழித்து அதே கார், அதே பச்சைக் குப்பைத் தொட்டிக்கு முன்னால், வேறொரு குழுவில் வந்தது. விலை 1,500. கீழே ஒரு வரி புதிதாக இருந்தது: “கியர்பொக்ஸ் வேலை இருக்கு, ஓடிப் பாத்து வாங்கவும்.” இரண்டு நாளில் விற்றுப் போனது.